பக்கம் திருப்புகிறவள்

இந்தா, இந்த எலுமிச்சம்பழத்த மோந்துக்கோ. கல்லாறு தாண்டுனதும் வளைவு ஆரம்பிச்சிரும், அப்புறம் உனக்குத் தலை சுத்தும். சன்னல் பக்கம் நீயே இருந்துக்கோ. நான் இந்த மலையில வளந்தவ, எனக்கு ஒண்ணும் செய்யாது. வேலைக்குச் சேரப் போறியா? நாளைக்கா? அப்ப இன்னைக்கு ஒண்ணும் அவசரமில்ல. நல்லது.

நானா? நான் என் தம்பிய அடக்கம் பண்ணப் போறேன்.

அட, நீ ஏன் முகத்த அப்படி வச்சுக்கிட்ட? நேத்துக் காலையில செத்தான். இன்னைக்குச் சாயங்காலம் அடக்கம். எனக்காகத்தான் பெட்டிய மூடாம வச்சிருக்காங்களாம். பாத்தியா, என் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. ஏன்னு கேளு. எனக்கு அவன்மேல கோவம். செத்தவன்மேல கோவப்படக் கூடாதும்பாங்க. நான் படுவேன். அவன் எனக்குச் செஞ்ச காரியம் அப்படி. முழுசையும் கேட்டுட்டு நீயே சொல்லு. வெளியாள்தான் நியாயம் சொல்லணும், சொந்தக்காரங்க எல்லாம் அவன் கட்சி.

அவன் பேரு ஜெபசிங். குன்னூர்ல கல்லுக்கோயில்னு கேட்டா ஆட்டோக்காரன்கூட கொண்டுபோய் விடுவான். அந்தக் காலத்து எஸ்டேட் துரைமார் கட்டுன சர்ச். அங்க ஒரு ஆர்கன் இருக்கு. நீ நினைக்கிற மாதிரி மேசைமேல தூக்கி வைக்கிற பெட்டி இல்ல. சுவரு முழுக்கக் குழாயா நிக்கும், சின்னக் குழாய் பேனா அளவு, பெரிய குழாய் நம்ம ரெண்டு பேரு உசரம். வாசிச்சா உக்காந்திருக்கிற பெஞ்சு நடுங்கும். அதத்தான் அவன் வாசிச்சான். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாசிப்பான், அது ஒண்ணும் பெருசில்ல. பெருசு எதுன்னா, மழைக்காலம் முடியிற நேரத்துல சாயங்காலக் கச்சேரி வைப்பாங்க. ஆர்கன் மட்டும் ஒரு நாள். இன்னொரு நாள் பெங்களூர்ல இருந்து ஒரு குழு வரும். முன்னூறு வருசத்துக்கு முந்தின பாட்டு மட்டும்தான் வாசிப்பேன்னு ஒரு கூட்டம். மரக்குழல் ஊதுவாங்க, முழங்காலுக்கு நடுவுல வச்சு இழைக்கிற பிடில் ஒண்ணு கொண்டுவருவாங்க. வெலிங்டன்ல இருந்து ராணுவத்து ஆளுங்க, எஸ்டேட் ஆளுங்க எல்லாம் கோட்டு போட்டுக்கிட்டு வந்து உக்காருவாங்க. கோயிலுக்குள்ள கைதட்டக் கூடாது, அதனால முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து நிப்பாங்க. அந்த நிக்கதுக்கு இருக்கிற மரியாதை கைதட்டுக்குக் கிடையாது.

நான் அங்க என்ன செய்வேன்னு கேளு. பக்கம் திருப்புவேன்.

சிரிக்காத. கைக்கு ரெண்டு அடுக்கு கட்டை, காலுக்கு ஒரு அடுக்கு கட்டை. ரெண்டு கையும் ரெண்டு காலும் ஓடிக்கிட்டே இருக்கும். அப்ப புஸ்தகத்துல பக்கத்த யாரு திருப்புவா? மூக்காலயா திருப்புவான்? அதுக்கு ஒரு ஆள் வேணும். வாசிக்கிறவனுக்கு இடப்பக்கம் நிக்கணும். இடது கைய புஸ்தகத்துக்கு மேல கொண்டுபோய், தாளோட மேல் மூலையப் பிடிச்சுத் தயாரா நிக்கணும். சேலை முந்தி கட்டையில படக் கூடாது. வளையல் சத்தம் கேக்கக் கூடாது. நான் வளையலையே விட்டுட்டேன்.

எனக்கு அந்த இசை எழுத்து படிக்கத் தெரியாது. ஒரு எழுத்து தெரியாது. நான் கணக்கு டீச்சர். ஆனா ஜெபசிங் தலையாட்டுவான். ஆட்டுவான்னா மாடு ஈ விரட்டுத மாதிரி இல்ல, தாடை மட்டும் ஒரு நெல்லளவு கீழ இறங்கும். கீழ உக்காந்திருக்கிற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இறங்குன நொடி திருப்பிருவேன். எனக்கு நரைச்சு, அவனுக்கு வழுக்கை விழுற காலம் வரைக்கும் அப்படித்தான். பெங்களூர்க்காரங்க வந்து, "சிஸ்டர், உங்கள மாதிரி ஒரு ஆள் எங்களுக்குக் கிடைக்கல"ம்பாங்க. முழங்கால் வலிக்குத் தைலம் தேச்சுக்கிட்டுப் போய் நிப்பேன். காய்ச்சலோட நின்னிருக்கேன்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, எங்க அப்பா எஸ்டேட்ல குமாஸ்தா. பூர்வீகம் நாசரேத்துப் பக்கம், அதான் என் பேச்சு இன்னும் மலையேறல. ஒரு மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சு வீட்டோட அப்பாவும் அம்மாவும் போயிட்டாங்க. நான் டீச்சர் ட்ரெய்னிங்ல கோயமுத்தூர்ல இருந்தேன், அவன் பள்ளிக்கூட விடுதியில இருந்தான். அதனால ரெண்டு பேரும் மிஞ்சுனோம். விடுதியில இருந்த ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அவனுக்கு ஆர்கன் சொல்லிக் குடுத்தாங்க. முதல் தடவை சபைக்கு முன்னால வாசிக்கணும். வெலவெலன்னு ஆடுதான். சத்தம் கேட்டா மண்ணு சரியுதுன்னு நினைச்சுப் பயப்படுத பய, அந்த இடி மாதிரி சத்தத்த அவனே எழுப்பணும். என் சேலைய விடவே மாட்டேன்னுட்டான். மிஸ்ஸியம்மாதான், "அக்காவும் பக்கத்துல நிக்கட்டும், பக்கத்தத் திருப்பட்டும்"னு சொன்னாங்க. அன்னைக்கு நின்னதுதான். அப்ப இருந்தே அவன் ஒரு பயந்தாங்கொள்ளி.

மெதுவா, மெதுவா. வளைவு வருது. சாய்ஞ்சுக்கோ என்மேல. ம்.

கல்யாணமா? எனக்கு ரெண்டு மூணு இடம் வந்துச்சு. நான் போயிட்டா அவனுக்கு யாரு சோறு பொங்குவான்னு விட்டுட்டேன். அவனுக்கும் வந்துச்சு, வராம இல்ல. பெங்களூர்க் குழுவுல மரக்குழல் ஊதுத பொண்ணு ஒருத்தி, அனிட்டான்னு பேரு. நல்ல பொண்ணுதான். அமைதி. கச்சேரி முடிஞ்சும் ரெண்டு நாள் தங்குவா. எங்க வீட்டு அடுப்படியில வந்து நின்னு, "அக்கா, நான் ஏதாவது நறுக்கித் தரவா"ம்பா. நான் ஒண்ணும் சொல்லல. சத்தியமா ஒரு வார்த்தை தப்பாப் பேசல. ஒத்திகையில ஒருநாள், "அக்கா, நீங்க உக்காருங்க, இன்னைக்கு நான் திருப்புதேன்"ன்னா. நான் சிரிச்சுக்கிட்டே, "உங்களுக்கு எழுத்து தெரியும்மா, ஆனா இவன் எப்ப மூச்சு விடுவான்னு தெரியுமா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். அதுல என்ன இருக்கு? அவ போய் உக்காந்துட்டா. அடுத்த வருசம் அவளுக்குப் பதில் வேற ஒரு ஆள் வந்துச்சு. ஜெபசிங் என்கிட்ட ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல. கேட்டாத்தான சொல்லலாம்?

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறேன்.

போன வருசக் கச்சேரி. அடை மழை. குன்னூர் மழையில உப்பு டப்பாவே தண்ணியா ஓடும், தாள் என்னத்துக்கு ஆகும்? ஆர்கன் மட்டும் வாசிக்கிற நாள். ஜெர்மன்காரன் ஒருத்தன் எழுதுன பெரிய உருப்படி, இருக்கிறதுலயே கஷ்டமானது. தாடை இறங்குச்சு, திருப்புனேன். திருப்புன பிறகுதான் மேல இருக்கிற நம்பரப் பாத்தேன். கணக்கு டீச்சர் கண்ணு, நம்பருக்குத்தான் முதல்ல போகும். ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டுச் சேந்து வந்திருக்கு.

இப்ப நிப்பான், இப்ப தடுமாறுவான்னு பாக்கேன். அத்தன பேரு முன்னால, என்னால. திருப்பிப் போடலாம்னா விரல் வரமாட்டேங்குது. ஆனா அவன் வாசிக்கான்! ஒரு சொட்டு தடங்கல் இல்ல. கண்ணு புஸ்தகத்துமேலதான் இருக்கு, வாசிக்கது அதுல இல்லாதது. கொஞ்ச நேரத்துல தாடை இறங்குது. நான் திருப்பல. அவன் பாட்டுக்கு வாசிக்கான். மறுபடி இறங்குது. நான் மரமா நிக்கேன். புஸ்தகம் ஒரே இடத்துல விரிஞ்சு கிடக்கு, அவன் சரியா எங்கெங்க ஆட்டணுமோ அங்கங்க எனக்கு ஆட்டிக்கிட்டே இருக்கான். முடிச்சான். எல்லாரும் எழுந்து நின்னாங்க. என்னைப் பாத்து வழக்கம்போல சிரிச்சான். "நல்லா திருப்புனக்கா"ன்னான்.

புரியுதா உனக்கு? அவனுக்கு அத்தனையும் மனப்பாடம்!

நான் அன்னைக்கே கேக்கல. கணக்குல ஒரு தடவ வந்த விடைய நம்பக் கூடாது, திரும்பப் போட்டுப் பாக்கணும். அடுத்த வாரம் அவன் தனியா சாதகம் பண்ணும்போது, அவன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு உக்காருத நேரம் பாத்து, புஸ்தகத்த மாத்தி வச்சேன். ஞாயித்துக்கிழமை பாடுத பாமாலைப் புஸ்தகம். பாத்தான். ஒரு நொடி பாத்தான். பிறகு ஒண்ணுமே நடக்காத மாதிரி அந்த ஜெர்மன்காரன் உருப்படிய ஆரம்பிச்சு, சரியா தாடைய இறக்குனான்.

வீட்டுக்கு வந்து, காப்பிகூடப் போடல, கேட்டேன். "எத்தன வருசமாடா இந்த நாடகம்?"

தலையக் குனிஞ்சுக்கிட்டான். "நாடகம் இல்லக்கா. வாசிச்சு வாசிச்சு உள்ள போயிருச்சு. எப்ப போச்சுன்னு எனக்கே தெரியல."

"அப்ப நான் எதுக்கு? காய்ச்சலோட, கால் வலியோட, அத்தன பேரு முன்னால நான் என்னத்தத் திருப்பிக்கிட்டிருந்தேன்?"

"நீ நிக்கணும்க்கா. நீ நின்னாத்தான் எனக்குக் கை ஆடாது."

"நிக்கதுக்கு நான் என்ன கோயில் தூணாடா?"

கை ஆடாதுன்னு சமாதானத்துக்குச் சொன்னான், அது எனக்குத் தெரியாதா? கிழவி மனசு நோகக் கூடாதுன்னு ஒரு வேலை குடுத்து வச்சிருக்கான், பிள்ளைங்க கையில கிலுகிலுப்பை குடுக்கிற மாதிரி. என் வாழ்க்கைய அவனுக்குத் தூக்கிக் குடுத்தேன், அவன் எனக்கு ஒரு தாளத் தூக்கிக் குடுத்திருக்கான். அதுவும் வேண்டாத தாள். எனக்கு அன்னைக்கு நெஞ்சு எரிஞ்சது பாரு, அம்மா அப்பா போன அன்னைக்குக்கூட அப்படி எரியல.

மறுநாள் பெட்டியக் கட்டுனேன். காரமடையில எங்க சித்தி மக லீலா இருக்கா, அங்க போயிட்டேன். அவன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். குடை பிடிச்சுக்கிட்டு நின்னான். "எப்பக்கா வருவ"ன்னு கேட்டான். "உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே"ன்னேன்.

பர்லியார் வந்தாச்சு. இங்க அஞ்சு நிமிசம் நிப்பாட்டுவான். டீ குடிக்கியா? வேண்டாமா? குரங்கு வரும், கண்ணாடிய ஏத்தி விட்டுரு.

அப்புறம் என்ன, போன் பண்ணுவான். நான் எடுக்கமாட்டேன். லீலா எடுத்து, "அக்கா குளிக்கா", "அக்கா கடைக்குப் போயிருக்கா"ம்பா. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன். இந்த வருசம் கச்சேரி வந்துச்சு. எனக்கு அழைப்பு அனுப்புனாங்க. நான் போகல. அன்னைக்குச் சாயங்காலம் லீலா வீட்டுல அயிலை மீன் வாங்கியிருந்தாங்க, அத ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன். கோயில்பிள்ளை மாசிலாமணி போன் பண்ணுனான். கோயில்பிள்ளைன்னா மணி அடிக்கிற, கதவு திறக்கிற ஆளு, எங்க பக்கத்துல அப்படித்தான் சொல்லுவோம். "டீச்சர், ஐயா பாதியில நிப்பாட்டிட்டாங்க"ன்னான்.

பாதியில. அந்த ஜெர்மன்காரன் உருப்படிதான். கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டானாம். எல்லாரும் அடுத்து வாசிப்பான், அடுத்து வாசிப்பான்னு உக்காந்திருக்காங்க. அவன் எழுந்து, சாக்ஸோட நடந்து, பக்கத்துக் கதவு வழியா மழையில வெளிய போயிட்டானாம். கால்கட்டை மிதிக்கக் கழத்தி வச்ச ஷூ உள்ளயே கிடந்துச்சாம்.

நான் பொய் சொல்லமாட்டேன். எனக்கு ஒரு பக்கம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. உள்ள போயிருச்சுன்னு சொன்னியே, இப்ப என்ன ஆச்சு? திருப்ப ஆள் இல்லாம நின்னு போச்சுல்ல? மாசிலாமணிகிட்டயே சொன்னேன். அவன், "இல்ல டீச்சர், பாஸ்டரய்யா மகள் நின்னு ஒழுங்காத் திருப்புனாங்க"ன்னான். அந்தப் பிள்ளை பியானோ படிச்சது, எழுத்தெல்லாம் நல்லாத் தெரியும். ஆனாலும் எங்கயோ தப்பாத் திருப்பியிருக்கும். இல்லன்னா எப்படி நிக்கும்? நீ சொல்லு. புஸ்தகம் முன்னால இருக்கு, சரியாத் திருப்பவும் ஆள் இருக்கு, உள்ளயும் மனப்பாடமா இருக்கு, அப்ப ஏன் நின்னுச்சு? எந்தப் பக்கம் இருந்து போட்டாலும் இந்தக் கணக்கு எனக்கு வரமாட்டேங்குது. அவனத்தான் கேக்கணும்னு இருந்தேன். நேருக்கு நேரா, "ஒண்ணு உனக்கு நான் வேணும், இல்ல வேண்டாம், ரெண்டுல ஒண்ணு சொல்லுடா"ன்னு.

கேட்டிருக்கலாம்ங்கியா? கேக்கத்தான் இருந்தேன். அவன் வந்தான் ஒருநாள். கச்சேரி முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு. காரட்டும் பீன்ஸும் ஒரு பை நிறைய வாங்கிக்கிட்டு காரமடைக்கு வந்தான். நான் உள் ரூம்ல படுத்திருந்தேன். தலைவலின்னு சொல்லச் சொன்னேன். லீலா காப்பி குடுத்தா. குடிச்சான். சும்மா உக்காந்திருந்தான். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு, அவன் முழங்கால் மட்டும் எனக்குத் தெரியுது. விரல் முழங்கால்மேல ஓடிக்கிட்டே இருக்கு, சின்ன வயசுப் பழக்கம். ரொம்ப நேரம் இருந்தான். எந்திரிச்சு வந்து கதவுகிட்ட நின்னான். "அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், எந்திரிச்சிருதேன்னு கண்ண மூடிக்கிட்டுக் கிடக்கேன். அவன் லீலாகிட்ட, "தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

பாத்தியா அவன் புத்திய? கூப்பிடவே இல்ல. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா இதே பஸ்ல அன்னைக்கே அவன்கூட ஏறியிருப்பேன்.

அதுக்கப்புறம் அவன் ஆர்கனத் தொடலயாம். ஞாயித்துக்கிழமைக்கு யாரோ கீபோர்டு வாசிச்சாங்களாம். நேத்துக் காலையில மாசிலாமணி ஆர்கன் சாவி வாங்க வீட்டுக்குப் போயிருக்கான். நாற்காலியில உக்காந்த வாக்குல இருந்திருக்கான். நெஞ்சுவலியா இருக்கும்னாரு டாக்டர். சமையல் ஒண்ணும் நடந்த மாதிரி இல்லியாம், ரெண்டு வாழப்பழத் தோல்தான் கிடந்துச்சாம். நான் இருந்தா அவன் வெறும் வாழப்பழத்தத் தின்னுட்டுச் சாவானா? நல்ல ரசம் வச்சுக் குடுத்திருக்கமாட்டேனா? அதுக்கும் எனக்குக் கோவம்தான். எல்லாத்துக்கும் கோவம்தான். பாஸ்டரய்யா போன்ல, "அக்கா, அடக்க ஆராதனைக்கு என்ன பாட்டு வைக்கலாம்"னு கேட்டாரு. "யாரு வாசிக்கப் போறா?"ன்னு கேட்டேன். பிறகு ரெண்டு பேரும் சும்மா போனப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்.

நீ என்ன ஒண்ணும் சொல்லமாட்டேங்க? நியாயம் கேட்டேனே. அட, நீ எதுக்கு அழுத? பைத்தியம். உனக்கு அவன் யாரு? இந்தா, இந்தக் கைக்குட்டைய வச்சுக்கோ. சுத்தமானதுதான்.

வந்தாச்சு. அந்தா தெரியுதுல்ல, அதான் பஸ் ஸ்டாண்டு. மழை தூறுது பாரு. அந்தக் கறுப்புக் குடையோட நிக்கான்ல, அவன்தான் மாசிலாமணி. எனக்காக வந்திருக்கான். கையக் கையக் காட்டுதான். நான் பாத்துட்டேன்டா, இரு.

நீ இறங்கு பிள்ள. மத்தவங்க எல்லாம் இறங்கட்டும். நான் மெதுவா இறங்கிக்கிடுதேன்.

இல்ல, கால் வலி இல்ல. தைலம் தேச்சுத்தான் வந்தேன்.

ஏம்மா. உனக்கு வேலை நாளைக்குத்தான? கோயில் இங்கயிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான், ஆட்டோவுல போயிரலாம். ஒரு அஞ்சு நிமிசம் என்கூட வாறியா? நீ வேதக்காரியா இந்துவான்னு யாரும் கேக்கமாட்டாங்க. பாட்டுப் பாட வேண்டாம், முழங்கால் போட வேண்டாம். யாராவது கேட்டா எனக்குச் சொந்தம்னு நான் சொல்லிக்கிடுதேன். பெட்டிகிட்ட போய் அவன் முகத்தப் பாக்கணும், அந்த ஒரு நேரம் மட்டும்தான். என் கையப் பாரேன், எப்படி ஆடுதுன்னு. இந்தக் கை ஒருநாளும் ஆடுனதில்ல. நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம் பிள்ள, சும்மா என் பக்கத்துல நில்லு. உன் பையக்கூட நானே தூக்கிக்கிட்டு வாறேன்.